இலாசரின் வாசலில் நின்ற நாய்கள்

(பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு, 28.09.2025 அன்று ஒலிபரப்பான வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். வாசகங்கள்: ஆமோஸ் 6:1,4-7, 1 திமொத்தேயு 6:11-16, லூக்கா 16:19-31)



செல்வரும் இலாசரும் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். மறைக்கல்வி வகுப்பில் நடித்தும் காட்டியிருக்கிறோம். உள்ளே விருந்து நடக்கிறது, வாசலில் ஒரு மனிதர் கிடக்கிறார். உடம்பெல்லாம் புண். மேசையிலிருந்து விழும் துண்டுகளாவது கிடைக்காதா என்ற ஏக்கம். இந்த உவமையில் இன்னொரு கூட்டமும் உண்டு. நாடகம் போடும்போது பெரும்பாலும் அவற்றை விட்டுவிடுவோம். அவைதான் நாய்கள். அவை வந்து இலாசரின் புண்களை நக்கின என்று ஒரே வரியில் ஆண்டவர் சொல்லிச் செல்கிறார்.

அந்த ஒரு வரியை விவிலிய அறிஞர்கள் இரண்டு விதமாக விளக்குவார்கள். யூதர்களின் பார்வையில் தெருநாய் தீட்டானது, ஆகவே இலாசர் எவ்வளவு தாழ்ந்த நிலைக்குத் தள்ளப்பட்டார் என்பதை அது காட்டுகிறது என்பது ஒரு விளக்கம். மனிதர் எவரும் நெருங்காத அந்த ஏழையிடம் நெருங்கி வந்தவை நாய்கள் மட்டுமே என்பது மற்றொன்று. ஒன்றை ஏற்க மற்றதைத் தள்ள வேண்டியதில்லை என்று எனக்குப் படுகிறது. நாய்கள் நெருங்கி வந்தன என்பதே, மனிதர்கள் எவ்வளவு விலகிப் போனார்கள் என்பதற்குச் சாட்சி.

இன்று செப்டம்பர் 28. உலக வெறிநாய்க்கடி நோய் தடுப்பு நாள். இந்நோய்க்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் 1895இல் இறந்தது இதே தேதியில்தான். நாய்கள் புண்ணை நக்கிய நற்செய்தியும் இந்த நாளும் ஒன்றாக வந்திருக்கின்றன. ஆகவே, இந்த மாதங்களில் நாடெங்கும் வாக்குவாதமாகியிருக்கிற, நம் தெருவிலும் பேசப்படுகிற தெருநாய்களைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கோவிலில் பேச வேறு பொருளே இல்லையா என்று யாராவது நினைத்தால், சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். நாயில் தொடங்கினாலும் இலாசரிடம்தான் போய்ச் சேரப் போகிறோம்.

கடந்த ஆகஸ்ட் 11ஆம் தேதி, தில்லிப் பகுதியின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆணையிட்டார்கள். 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் திருத்தியது. பிடிக்கப்படும் நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் விடக் கூடாது. கண்ட இடத்தில் உணவு வைக்காமல் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும். விரும்புகிறவர்கள் விண்ணப்பித்துத் தத்து எடுக்கலாம், எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றது. இந்த வழக்கு இப்போது எல்லா மாநிலங்களையும் தழுவியதாகிவிட்டது.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் இருந்துவிட முடியாது. சில வாரங்களுக்கு முன் நம் பகுதியில் ஓர் அன்பியக் கூட்டம் நடந்தது. செபம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரம். ஒரு தாய் என்னிடம் வந்தார். மகனுக்கு எட்டு வயது. டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது நாய்கள் துரத்தி, கீழே விழுந்து, கெண்டைக்காலில் கடி வாங்கியிருக்கிறான். ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரவில் தூக்கத்தில் அலறுகிறானாம். அந்தத் தாய் கேட்டார்: "சாமி, எம்புள்ள உசிரு பெருசா, நாய் உசிரு பெருசா? அதுங்களுக்கு தெனமும் சோறு போடுறது நம்ம சபை ஆளுதானே?"

சோறு போடுகிற மூதாட்டியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் வெளியூரில். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "அதுங்களுக்கு யாரு சாமி இருக்கா? எனக்கும் அதுங்கள விட்டா தெருவுல பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா?"

அன்பானவர்களே, இருவர் கண்ணிலும் நீர் இருந்தது. இருவர் சொன்னதும் உண்மை. இவர்களில் ஒருவரைக் குற்றவாளியாக்கி மற்றவரைத் தட்டிக் கொடுப்பது மேய்ப்பனின் வேலையாகாது. விடுதலைப் பயண நூல் 23ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. உன்னை வெறுப்பவனின் கழுதை சுமையின் கீழே விழுந்து கிடந்தால், பார்த்தும் பாராமல் போய்விடாதே, அவனோடு சேர்ந்து அதைத் தூக்கிவிடு என்கிறது. பகையாளிகள் இருவர் ஒரே கழுதையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினால், கழுதை எழுவதோடு அவர்களுக்கு இடையில் விழுந்து கிடந்த உறவும் கொஞ்சம் எழும். அந்தத் தாயும் இந்த மூதாட்டியும் சேர்ந்து தூக்க வேண்டிய சுமை ஒன்று நம் தெருவில் கிடக்கிறது.

முதலில் அந்தத் தாயின் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். அது வீண் அச்சமல்ல. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால், அதன் பிறகு பிழைப்பவர் ஏறத்தாழ இல்லை. உலகில் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்கு 99 நாய் மூலமே வருகிறது. ஆகவே பிள்ளையின் உயிரை முன்னிட்டுக் கேட்கும் எந்தத் தாயையும், இரக்கமில்லாதவள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

ஆனால் இது முழுமையாகத் தடுக்கக்கூடிய சாவு. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். மந்திரிக்கவும் பச்சிலை கட்டவும் போய் நேரத்தை இழக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். இரண்டு ஊசியோடு வலி போய்விட்டது என்று நிறுத்திவிடாமல், சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று. இலாசரின் புண்ணை நாய் நக்கியது என்று வாசிக்கிறோம். இன்றைய மருத்துவம், திறந்த புண்ணில் நாயின் எச்சில் படுவதையும் கடிக்குச் சமமாகவே கருதுகிறது. வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, எல்லா நாய்களையும் கொன்றுவிட்டால் தீராதா என்று சிலர் கேட்கிறார்கள். நம் மாநிலத் தலைநகரம் அதைச் செய்து பார்த்தது. சென்னை மாநகராட்சி 1860ஆம் ஆண்டிலேயே தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒன்றுகூட இல்லாத கணக்கு, 1990களின் நடுவில் நாளொன்றுக்கு 135 வரை போயிற்று. காரணம் எளியது. தெருவில் குப்பையும் இறைச்சிக் கழிவும் இருக்கும்வரை, ஒரு நாய் போன இடத்துக்கு இன்னொரு நாய் வரும். மிஞ்சியவை குட்டி போடும். புதிதாக வருவது தடுப்பூசி போடாத நாயாக இருக்கும்.

கேப்டன் சுந்தரம் என்ற விமானியும் அவர் குடும்பத்தாரும் 1959இல் சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை அவர் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததே அதற்கு வித்து என்பார்கள். கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள், தடுப்பூசி போடுங்கள் என்று 1964 முதலே அவர்கள் சொல்லி வந்தார்கள். மாநகராட்சி அதற்கு இசைந்தது 1996இல்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வேண்டுகோளோடு ஒரு வாசலில் நின்றார்கள் அந்தத் தன்னார்வலர்கள். பிறகு 2001இல் அதுவே நாடு முழுமைக்கும் விதியானது, 2023இல் புதிய விதிகள் வந்தன. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துபோகும் என்கிறார்கள் வல்லுநர்கள். அப்படியானால், தடுப்பூசி போட்ட நாய் நம் பிள்ளைக்கு எதிரி அல்ல. நோய் நம் தெருவுக்குள் நுழையாமல் நிற்கும் வேலி அது.

அடுத்து, அந்த மூதாட்டியின் இரக்கத்தை எடுத்துக்கொள்வோம். அது நல்ல இரக்கம். வடலூர் நமக்கு அடுத்த ஊர். 1867இல் வள்ளலார் அங்கே தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. எவ்வுயிரிடத்தும் இரக்கம் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மறைநூலுக்கும் புதிதல்ல. ஓய்வுநாள் கட்டளையில் கால்நடைகளுக்கும் ஓய்வு உண்டு. நோவாவோடு கடவுள் செய்த உடன்படிக்கையில் பேழையிலிருந்து வெளிவந்த எல்லா உயிர்களும் பங்காளிகள். நினிவே நகரைத் தண்டிக்காமல் விட்டதற்குக் காரணம் சொல்லும்போது, அங்குள்ள திரளான மக்களோடு கால்நடைகளையும் சேர்த்தே சொல்கிறார் கடவுள். தோபியா தூரப் பயணம் புறப்பட்டபோது, வானதூதர் இரபேல் ஒரு பக்கம் துணையாக வந்தார், வீட்டு நாயும் பின்னால் போயிற்று.

ஆனால் இரக்கம் சோற்றோடு நின்றுவிட்டால் அது பாதி இரக்கம். சோறு தின்று உடல் தேறிய பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடக்கூடும். இரண்டு மாதம் சுமந்து நான்கைந்து, ஆறேழு என்று ஈனும். அந்தக் குட்டிகளில் எத்தனை லாரியில் அடிபட்டும் பட்டினியிலும் நோயிலும் சாகின்றன என்பதைக் கடலூர் சாலையில் காலையில் நடந்து போகிறவர்கள் அறிவார்கள். சோறு போடும் கை, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் நீண்டால்தான் இரக்கம் முழுமையாகும்.

தெருநாய் வானத்திலிருந்து விழவில்லை, அன்பானவர்களே. ஒவ்வொரு தெருநாய்க்கும் பின்னால் எங்கோ ஒரு வீட்டின் கதவு இருக்கிறது. கடுவன் குட்டி என்றால் கேட்டு வாங்கிப் போகிறோம். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையிலும் சந்தைத் திடலிலும் விட்டுவருகிறோம். பெண் என்றால் சுமை என்ற பழைய எண்ணம் நாய்க்குட்டிவரை நீண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வெளிநாட்டு இன நாய் வாங்கி, அதற்குச் சொறி வந்ததும் வண்டியில் ஏற்றி வேற்றூரில் இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. நெய்வேலிக் குடியிருப்புகளில் பணி ஓய்வுபெற்று வீட்டைக் காலிசெய்யும்போது, பீரோவும் கட்டிலும் லாரியில் ஏறும். பத்து வருடம் வாசலைக் காத்த நாய் லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி, வட்டத்தின் முனையில் நின்றுவிடும். பிறகு அதற்கும் பெயர் தெருநாய்தான்.

அந்த அன்பியக் கூட்டத்துக்குப் பிறகு நம் இளையோர் சிலர் ஒரு முடிவு எடுத்தார்கள். தெருவிலுள்ள இந்து, இசுலாமியச் சகோதரர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் எந்தத் தெருவில் எத்தனை நாய், எது பெட்டை, எது குட்டியோடு இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். பேரூராட்சியில் மனு கொடுத்தார்கள். கால்நடை மருத்துவரைப் போய்ப் பார்த்தார்கள். அந்த மூதாட்டி கூப்பிட்டால் நாய்கள் ஓடி வரும், வலை தேவையில்லை. ஆகவே ஊசி போடும் நாளில் அவரே தலைவியானார். தாயை இழந்த குட்டிகளைக் கொஞ்ச நாள் ஆளுக்கொரு வீட்டில் வைத்து, பூச்சி மருந்து கொடுத்து, ஊசி போட்டு, வீடு தேடினார்கள். கேட்ட உடனே யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா, பகலில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். ஒரு பெட்டைக் குட்டி கைலித் தறி நெய்கிற ஒரு குடும்பத்துக்குப் போயிற்று. இப்போது தறிக்குழியின் ஓரத்தில் படுத்துக்கொண்டு யாரையும் உள்ளே விடுவதில்லையாம்.

இந்த வேலையின்போது அவர்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. பூட்டிக் கிடந்த ஒரு கடைத் திண்ணையில் வயதான ஒருவர் படுத்திருப்பார். அருகில் ஒரு பழுப்பு நாய். தினமும் அந்த வழியாகப் போகும் பிள்ளைகள்தான், ஆனால் அன்றுவரை அவரை யாரும் கவனித்ததில்லை. அன்று நாய்க்கு ஊசி போடக் குனிந்தபோதுதான் அவர் காலைப் பார்த்தார்கள். சர்க்கரைப் புண். துணி சுற்றியிருந்தது, ஈ மொய்த்தது. மருத்துவமனைக்குப் போகலாம் என்றார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி: "நாய யாரு பாத்துக்குவா?" ஒரு பையன் நாயைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். மற்றவர்கள் அவரை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் இப்போது அவரைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

புனித ரோக் வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆகஸ்ட் 16 அவர் திருநாள். கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து, தாமும் நோயுற்று, ஒரு காட்டில் தனியே ஒதுங்கினார். ஒரு நாய் தினமும் அவருக்கு அப்பம் கொண்டுவந்தது என்பது மரபு. அந்த மரபின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. அந்த நாய்க்கு ஒரு செல்வர் சொந்தக்காரர். தம் மேசையிலிருந்து தினமும் அப்பத்தைக் கவ்விக்கொண்டு எங்கே போகிறது என்று ஒரு நாள் அதன் பின்னாலேயே போனார். போய்ப் பார்த்தால் காட்டில் ஒரு நோயாளி. செல்வர் அவரைப் பேணினார், தாமும் மனம் மாறினார். இன்றைய உவமையில் செல்வர் வாசலைத் தாண்டி வரவே இல்லை. ரோக்கின் கதையில் ஒரு நாய் செல்வரை மேசையிலிருந்து எழுப்பி இலாசரிடம் கூட்டிச் சென்றது. நம் இளையோருக்கும் அதுதான் நடந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. திருஅவையின் மறைக்கல்வி ஏடு 2416 முதல் 2418 வரையுள்ள எண்களில் தெளிவாகப் போதிக்கிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றிடம் கனிவு காட்ட நாம் கடமைப்பட்டவர்கள். தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே இழுக்கு. அதே மூச்சில், மனிதரின் துன்பத்தைத் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவதும் தகாது, மனிதருக்கு மட்டுமே உரிய பாசத்தை அவற்றுக்குத் தருவதும் தகாது என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில் எல்லா உயிர்களையும் ஒரே குடும்பமாகப் பார்க்கக் கற்பித்தார். அவரே 2022 ஜனவரியில், பிள்ளைகளுக்குப் பதிலாக நாயும் பூனையும் போதும் என்று நினைக்கும் போக்கைக் கண்டித்தும் பேசினார். இரண்டும் சேர்ந்ததுதான் நம் விசுவாசம்.

ஆகவே நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டிவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கூலியைக் குறைக்கிறவர், இலாசரைத் தாண்டித்தான் போகிறார். "மனுசனுக்கே சோறில்லை, நாய்க்கு என்ன?" என்று சொல்லி நாயைக் கல்லால் அடிப்பவர், அந்தச் சோறில்லாத மனிதனுக்கு ஒரு நாளாவது சோறு போட்டாரா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இலாசரின் பெயரைச் சொல்லி நாயை விரட்டுகிறவர் எல்லாரும் இலாசரை உள்ளே கூப்பிடுகிறவர்கள் அல்ல. இறைவாக்கினர் ஆமோஸ் தந்தக் கட்டிலில் சாய்ந்திருந்தவர்களைக் கண்டித்தது அவர்கள் யாரையும் அடித்தார்கள் என்பதற்காக அல்ல. தம் மக்களின் அழிவைக் கண்டும் அவர்கள் உள்ளம் வருந்தவில்லை என்பதற்காகவே.

இந்த வாரம் நாம் செய்யக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, உங்கள் வீட்டு நாய்க்கு இந்த ஆண்டு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள். இரண்டு, பெட்டைக் குட்டியை இனி யாரும் சாக்கில் கட்ட வேண்டாம். வளர்க்க இயலாவிட்டால் தாய்க்குக் கருத்தடை செய்யுங்கள், பிறந்துவிட்டால் இரண்டு மாதமாவது தாயிடம் விட்டுவைத்து வீடு தேடுங்கள், இளையோர் உதவுவார்கள். மூன்று, நாய் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் தெருவில் ஆதரவற்று நிற்கும் நாட்டுக் குட்டியைப் பாருங்கள். நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் பழகியது அதுதான். நான்கு, உணவு வைப்பவர்கள் பள்ளி வாசலிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வைக்காமல், தெருவாரைக் கேட்டு ஒதுக்குப்புறமாக ஓர் இடத்தில், ஒரே நேரத்தில் வையுங்கள். தூங்கும் நாயையும் குட்டியோடு இருக்கும் நாயையும் சீண்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கடிபட்ட சிறுவனுக்கு ஊசி எல்லாம் முடிந்துவிட்டது. அவனுடைய அம்மா தெரு நாய்களின் கணக்கு நோட்டை இப்போது தம் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார். எந்த நாய்க்கு ஊசி போட்டது, எதற்குப் பாக்கி என்று அவரைத்தான் கேட்க வேண்டும். பையன் இன்னும் நாயைக் கண்டால் ஒதுங்கித்தான் போகிறான். அதற்குக் காலம் வேண்டும்.

செபிப்போம். எல்லா உயிர்களையும் படைத்துப் பராமரிக்கும் தந்தையே, எங்கள் வாசலில் கிடக்கும் இலாசரைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். வாயில்லாத உயிர்களிடம் கனிவோடும், எங்கள் பிள்ளைகளைக் காப்பதில் விழிப்போடும் இருக்க எங்களுக்குக் கற்றுத் தாரும். அஞ்சுபவர்களையும் தனித்திருப்பவர்களையும் ஒரே குடும்பமாக்கியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை மகன் தூய ஆவியார், உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.